உப்புப் பார்த்த விரல்

நக்கோன் பனோமில் வயிறார இறைச்சி சுட்டுச் சாப்பிட வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது என்றால் போவதற்கு மூன்று கடைகள். பாலத்துக்குப் பக்கத்தில் குளிர்சாதனம் வைத்த கடை ஒன்று. அங்கே இறால் உண்டு, இறாலுக்கேற்ற அலட்டலும் உண்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இன்னொன்று. அங்கே பன்றிக் கறியைச் சீவும் மெலிசுக்கு, ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியாக ஆற்றுக்கு அக்கரையில் லாவோஸ் மலை தெரியும். மூன்றாவது, ஆற்றங்கரையில் கம்லாய் கடை. உள்ளூர்க்காரர்கள் அங்கேதான் போவார்கள். வழி கேட்கும் வெளியூர்க்காரர்களைப் பாலத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். தங்களுக்கு மேசை மிஞ்ச வேண்டுமே.

கம்லாய்க்கு ஐம்பதை நெருங்கும் வயது. குட்டை உருவம், புகைக்குச் சுருங்கிப் பழகிய கண்கள். இளவயதில் பாங்காக்கில் தையல் ஆலையில் கிடந்து, அங்கே லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தவினைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவள். பிள்ளை இல்லை. கடைதான் பிள்ளை என்று அவளே சொல்லிக்கொள்வாள், சிரித்துக்கொண்டு சொல்வாள், ஆனால் யாரும் கூடச் சிரிப்பதை விரும்பமாட்டாள்.

மேசை நடுவே கரி அடுப்பு, அதன்மேல் மூக்கத்தா சட்டி. நடுமேட்டில் கறி சுடும், சுற்றியுள்ள பள்ளத்தில் கீரையும் சேமியாவும் வேகும். இதெல்லாம் எல்லாக் கடையிலும் உள்ளதுதான். கம்லாய் கடைக்குக் கூட்டம் சேர்த்தது அவள் கறி ஊறவைக்கும் பக்குவம். அதற்கு அளவுக் கரண்டி கிடையாது. மதியம் பெரிய அண்டாவில் பன்றிக் கறியைப் பூண்டு, கொத்தமல்லி வேர், மிளகு, மீன்சாறு போட்டுப் பிசைவாள். சுண்டுவிரலைத் தோய்த்து நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பாள். பிறகு அதே விரலை மறுபடி தோய்த்து, கரி பற்றவைத்துக்கொண்டிருக்கும் தவினின் வாய்க்கு நீட்டுவாள். அவன் நிமிராமலே நக்கிவிட்டு "இன்னும் கொஞ்சம்" என்பான், இல்லாவிட்டால் "விடு" என்பான். அவன் "விடு" என்ற பிறகுதான் அண்டாவுக்கு மூடி. அந்தப் பக்கத்தில் கறி ஊறவைக்கும் பெண்கள் பலரும் இப்படித்தான். பச்சைக் கறியாயிற்றே என்று யாரும் நினைத்ததில்லை.

நினைக்க வைத்தவள் லம்ஜியக். வார்டு வார்டாகப் போய்க் கொசு மருந்தும் புத்திமதியும் கொடுக்கும் சுகாதாரத் தொண்டர். தீபப் படகுத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, கம்லாய் கை அண்டாவுக்குள் இருக்கும்போதே வந்து நின்றாள்.

"கோயில் பக்கத்துல ஒருத்தன் செத்துட்டான்டி. செவிட்டுக் காய்ச்சல். அவன்கூடச் சாப்பிட்ட இன்னொருத்தன் பொழச்சுக்கிட்டான், ஆனா ரெண்டு காதும் போச்சு."

"ரத்தத்தோட பச்சைக் கறியைக் கொத்திப் பிசைஞ்ச லாப் தின்னிருப்பானுங்க, அக்கா. அவனுங்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாது."

"லாப்பு மட்டும் இல்ல. பன்னிக் கறி பச்சையா நாக்குல பட்டாலே போதுமாம். பச்சைக் கறியை எடுக்கிற குச்சி வேற, வாயில வைக்கிற குச்சி வேறன்னு உன் கடையில எழுதிப் போடு."

"போடுறேன் அக்கா" என்றாள் கம்லாய். சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

லம்ஜியக் போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறுபடி கழுவினாள். ஆனால் உப்புப் பார்க்காமல் எப்படி மூடுவது? சாயங்காலம் கூட்டம் வரும். விரலைத் தோய்த்தாள். நாக்கருகே கொண்டுபோனாள், நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. அன்றைக்கு அவள் விரல் தவினிடம் மட்டும் போயிற்று.

"விடு" என்றான் அவன், நிமிராமல்.

அவனுக்கென்ன, கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு என்று நினைத்துக்கொண்டாள். அதோடு அந்த விஷயத்தை மறந்தும்போனாள். நம் பயம் நம்மைப் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கம்லாயைச் சொல்லிக் குற்றமில்லை, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

மறுநாளே அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

முதுகெல்லாம் வலி, கண்ணுக்குப் பின்னால் வலி. எத்தனை வருடமாக நக்கிய விரல்! முந்தாநாள் வரை நக்கியதுதானே. ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்துவிடும். திருவிழா வாரத்தில், கறிக்கடைக்காரிக்கே செவிட்டுக் காய்ச்சல் என்று ஒருத்தி சொன்னால் போதும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கடையைத்தான் மூட வேண்டும். மாத்திரையை முழுங்கிவிட்டு, முகத்தில் பவுடரைக் கூடுதலாக அப்பிக்கொண்டு நின்றாள். விரல் வைத்துப் பார்ப்பதையும் விட்டாள். உப்பு கூடுவதும் குறைவதுமாக இருந்தது. வந்தவர்கள் திருவிழா மயக்கத்தில் தின்றுவிட்டுப் போனார்கள்.

பிறகு அவளுக்கு ஒரே வேலை, காது இருக்கிறதா என்று பார்ப்பது. சட்டி மேட்டில் கொழுப்புத் துண்டைத் தேய்த்து, சுர்ரென்று கேட்கிறதா என்று குனிந்து நிற்பாள். படுக்கையில் தவளைக் கத்தலுக்குக் காதைத் திருப்பி வைப்பாள். தலையணையில் பதிந்த காது மந்தமாக இருந்தால் எழுந்து உட்கார்ந்து மறுபடி கேட்பாள்.

ஒரு சாயங்காலம், "கரி எடுத்துட்டு வா" என்று தவினைக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். முதுகு காட்டியே நின்றான். தன் குரல் வெளியே வரவில்லையோ? வருகிற மாதிரி தனக்குள்ளே மட்டும் கேட்கிறதோ? செவிடாகிறவர்களுக்கு இப்படித்தான் ஆரம்பிக்குமோ?

அப்போது அவனே திரும்பி, "கரி போதுமா புள்ள?" என்று கேட்டான். கணீரென்று கேட்டது. ஆற்றங்கரை முழுக்கக் கேட்கும்படி கேட்டது. கம்லாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காது இருக்கிறது. அந்த நிம்மதியில் அவன் ஏன் அப்படிக் கத்தினான் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் அவன் நடை அவள் கண்ணில் பட்டது. மேசை ஓரத்தைப் பிடித்துப் பிடித்து நடந்தான். ஒருமுறை சட்டியைத் தட்டிவிட்டான். முகமெல்லாம் சிவப்பு. அவளுக்குக் கோபம் பொங்கியது. மழைக்கால விரதம் தொடங்கிய அன்று, சாராயமும் பச்சை லாப்பும் தொடமாட்டேன் என்று புத்தர் முன்னால் கைகூப்பியவன் அவன்.

"கப்பல் கரை சேர்ற நேரத்துல ஓட்டை போட்டுட்டியா? விரதம் முடிய இன்னும் ரெண்டு நாள் பொறுக்க முடியலையா குடிகாரா?" என்று கிட்டப்போய்ச் சீறினாள்.

அவன் அவள் வாயைப் பார்த்தான். பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தான். குடித்தவன் சிரிப்புதான் என்று அவள் முடிவுகட்டினாள்.

படகுகளுக்கு விளக்கேற்றிய அன்று கரை முழுக்கத் தலைகள். இருட்டத் தொடங்கியதும் ஆற்றில் தங்க நாகம் மாதிரி முதல் படகு வந்தது. தவின் கனல் நிறைந்த வாளியோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தான். ஐஸ் வண்டி ஒன்று பின்னாலிருந்து ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. மேசைக்காரர்கள் எழுந்து கத்தினார்கள். "தவின் அண்ணா, ஓரம் போ." அவன் நண்பன் விசூத் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினான். தெருவே கத்தியது. தவின் அந்த ஒளிப் படகைப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல், நடுத்தெருவில் நடந்துகொண்டிருந்தான்.

வண்டிக்காரன் ஒடித்துத் திருப்பியதில் தவின் தப்பினான். ஆனால் வண்டி உரசிப்போன காற்றில் தடுமாறி விழுந்தான். கனல் தெருவில் சிதறியது. கம்லாய் நின்ற இடத்திலேயே நின்றாள். அத்தனை சத்தமும் அவள் காதில் விழுந்தது, ஒன்று விடாமல். கேட்காதது யாருக்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு பேரையும் தொட்டுப் பார்த்து இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார். விடிந்ததும் வந்து சொன்னார். "உங்களுக்கு வந்தது கொசுக் காய்ச்சல். தண்ணி நிறையக் குடிச்சு, ஓய்வா இருந்தாப் போதும். காதுக்கு ஒண்ணும் ஆகாது. இவருக்குத்தான் பன்றிக் கறிக் கிருமி. உயிரைக் காப்பாத்திருவோம். காது திரும்புறது கஷ்டம்மா. நாலு நாள் முன்னாடியே வந்திருக்கணும்."

கட்டிலைச் சுற்றி விசூத், லம்ஜியக், பக்கத்துக் கட்டில்காரர்களின் உறவு ஜனம். டாக்டரம்மா கேட்டார். "பச்சையா என்ன சாப்பிட்டாரு?"

"ஒண்ணுமே இல்லங்க" என்றான் விசூத். "விரதம்னு மூணு மாசமா எங்க பக்கமே வரல. சாமியாரு, சாமியாருன்னு நாங்க கேலி பண்ணாத நாள் கிடையாது. ஒரு சொட்டு, ஒரு வாய் தொடல. சத்தியமாச் சொல்றேன்."

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

லம்ஜியக் கம்லாயைப் பார்த்தாள். இப்போது வாயைத் திறந்தால் கடை இல்லை. கறி விற்றவன் மேல் போட்டுவிடலாம். தெரியாது என்று சொல்லிவிடலாம், யாரும் துருவப்போவதில்லை.

தவின் கண் விழித்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான்தான்யா" என்றாள். "என் விரலுதான். அக்கா வந்து சொல்லிட்டுப் போன அன்னிக்கு, எனக்குப் பயமா இருந்துச்சு. நான் நக்கிப் பார்க்கல. உன் வாயில மட்டும் வச்சேன். தெரிஞ்சேதான் வச்சேன். அதுக்கப்புறமும் என் காதைப் பத்தியே நினைச்சுக்கிட்டு இருந்தேன், உன்னைப் பார்க்கல. உன்னைக் குடிகாரன்னு வேற திட்டினேன்."

லம்ஜியக் வாயைப் பொத்திக்கொண்டாள். விசூத் தரையைப் பார்த்தான். பக்கத்துக் கட்டில் கிழவர்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

தவின் மட்டும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த வார்டு அதிர, பிரியமாகக் கேட்டான். "என்ன புள்ள முணுமுணுக்குற? கொஞ்சம் சத்தமாச் சொல்லேன்."

கம்லாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.