என் மகளின் மூச்சில் பழ வாசனை

அந்த டாக்டர் முதலில் நாடி பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சரின் மேல் குனிந்து, என் மகளின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தார். நிமிர்ந்து, "இந்த வாசனை எத்தனை நாளா வருது?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "அவ பழம் மட்டும்தான் சாப்பிடறா டாக்டர். அதனாலதான்."

நகரத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் நடைவழி அது. தாம்பரத்திலிருந்து டாக்சியில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருந்தோம். என் மனைவி சரோஜா சுவரில் சாய்ந்து நின்றாள். கவிதாவுக்கு அப்போது பதினான்கு வயது. கண்கள் பாதி திறந்திருந்தன, கூப்பிட்டால் திரும்பவில்லை. வெகுதூரம் ஓடி வந்தவளைப் போல ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்ன பெயர் கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் கிடைக்காத உடல், சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்க, இரத்தம் அமிலமாகிவிடும் நிலை). அப்படி எரியும்போது மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை வரும் என்றார். பழமே உணவாக இருந்த வீட்டில் அதை யாரும் நோய் என்று எண்ணவில்லை.

உங்கள் வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை இருந்தால், இது உங்களுக்காக எழுதியது. இன்னொருவருக்காகவும் எழுதுகிறேன். அவர் பெயரைப் போடக் கூடாது என்று கவிதா சொல்லிவிட்டாள். போடவில்லை. அதற்கு மன்னித்துவிட்டேன் என்று பொருள் கொள்ள வேண்டாம்.

கவிதாவுக்கு இளம்பருவ நீரிழிவு (கணையம் இன்சுலின் சுரப்பதை அடியோடு நிறுத்திவிடும் நோய்) என்று தெரிந்தது அதற்கு ஓராண்டு முன்பு. ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். அவளால் பழக முடியாதது இனிப்பில்லாத வாழ்க்கை. பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் மிட்டாயை வாங்கி, உறை பிரிக்காமல் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிடுவாள். அதை யார் எடுத்துத் தின்பது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் குரோம்பேட்டையில் ஞாயிறுதோறும் ஒரு சிறிய மண்டபத்தில் நடக்கும் இயற்கை உணவு வகுப்பைப் பற்றி சரோஜா கேள்விப்பட்டாள். நடத்தியவரை எல்லோரும் 'இயற்கை சார்' என்றுதான் அழைத்தார்கள். அடுப்பு கூடாது. பால் கன்றுக்குட்டியின் பங்கு, அதுவும் கூடாது. இதெல்லாம் கவிதாவை இழுக்கவில்லை. "இயற்கை இனிப்பு உடம்புல சர்க்கரையா மாறாதும்மா, ரத்தமா மாறும்" என்று அவர் சொன்னார். அதுதான் இழுத்தது.

எந்த இனிப்பை எடுப்பது என்பதே அங்கே ஒரு பாடம். சீனி விஷம். வெல்லமும் கருப்பட்டியும் காய்ச்சியவை, ஆகவே செத்தவை. தேன், தேனீயிடம் திருடியது. எஞ்சியவை பேரீச்சம்பழம், உலர்திராட்சை, அத்தி, வாழை. பேரீச்சம்பழத்தை ஊறவைத்து, துருவிய தேங்காயோடு அரைத்து உருட்டினால் லட்டு. மிக்சி சூடேற்றும், அம்மியில்தான் அரைக்க வேண்டும். சரோஜா அரைத்தாள். நோய் தெரிந்த பிறகு முதல்முறையாக என் மகள் ஒரு லட்டைத் தின்றுவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக நக்கினாள். அதைப் பார்த்த எந்தத் தகப்பனும் அந்த வகுப்பை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டான்.

எங்கள் தாம்பரத்து டாக்டர் சிரித்தார். "எந்த மரத்துல காய்ச்சாலும் இனிப்பு இனிப்புதான் சார். அளவு வெச்சுச் சாப்பிடட்டும். ஊசியில மட்டும் கை வைக்காதீங்க." நான் கை வைக்கவில்லை. தினமும் காலையில் சிறுநீர் சோதனையும் செய்தேன். சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலை (சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் நீல மருந்து) ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறமானால் மிக அதிகம்.

வகுப்பில் சேர்ந்த சில வாரங்களில் குழாய் நீலமாகவே நிற்கத் தொடங்கியது. நான் விளக்கைத் தணித்து, மறுபடி கொதிக்கவைத்துப் பார்த்தேன். நீலம். அந்த ஞாயிறு இயற்கை சாரிடம் சொன்னேன். அவர் கவிதாவை மேடைக்கு அழைத்து, தோளில் கை வைத்து, "இந்தப் பொண்ணு குணமாயிட்டா" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எனக்குத் தெரியாமல் நடந்தது இது. அவர் கவிதாவைத் தனியே அழைத்து, "ஊசி உன் கணையத்தைச் சோம்பேறி ஆக்கிடுச்சு. அதுக்குக் கொஞ்சம் வேலை குடும்மா" என்று சொல்லியிருந்தார். அவள் முதலில் பாதி அளவு போட்டாள், பிறகு கால், பிறகு ஒன்றுமில்லை. சோதனை செய்தால் பயம்தான் வளரும், அதையும் விட்டுவிடு என்றாராம். என்னிடம் அதைச் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. தினமும் காலையில் சிறுநீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். நான் கொதிக்கவைத்துப் பார்த்து மகிழ்ந்தது தாம்பரத்துத் தண்ணீரை.

இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார் அவர். வாந்தி தொடங்கியபோதும் அதையேதான் சொன்னார். பிறகு அந்த டாக்சி, அந்த நடைவழி.

நரம்பு வழியாக உப்புநீரும் இன்சுலினும் ஏற்றினார்கள். அவள் கண் திறந்து என்னை அடையாளம் கண்டுகொள்ளும்வரை நான் நடைவழி பெஞ்சில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடவுளை அல்ல. மேடையில் அவள் தோள்மேல் இருந்த அந்தக் கையை.

வீடு திரும்பிய பிறகு, வகுப்புக்கு வரும் ஓர் அம்மாள் சரோஜாவிடம் வந்து சொன்னார், பாதியில் இங்கிலீஷ் மருத்துவத்துக்கு ஓடிவிட்டார்கள், இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் முழுசாகக் குணமாகியிருக்கும் என்று சார் வருத்தப்பட்டாராம்.

அடுத்த ஞாயிறு என் ஆபீஸ் பையில் ஸ்பிரிட் விளக்கு, சோதனைக் குழாய்கள், பெனடிக்ட் பாட்டில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் மகள் குணமாகிவிட்டாள் என்று எந்த மேடையில் சொன்னாரோ, அதே மேடையில் அது பொய் என்று அவர் சொல்ல வேண்டும்.

நான் மனம் மாறி அனுபவம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து மேடைக்கு அழைத்தார்கள். நானோ மேசைமேல் விளக்கை ஏற்றினேன். அவர்கள் ஊறவைத்திருந்த பேரீச்சம்பழத் தண்ணீரில் சில சொட்டு எடுத்துக் குழாயில் விட்டேன். கொதித்தது. எல்லார் கண்ணெதிரிலும் செங்கல் நிறமானது. "இது சர்க்கரையா மாறாதுன்னு சொன்னீங்க" என்றேன்.

அவர் கெட்டிக்காரர். "சீனியையும் போட்டுக் காட்டுங்க சார். அது இதைவிடச் செவக்கும். அப்ப எது விஷம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்" என்றார். எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பொட்டலம் சீனி வந்தது. கரைத்துச் சொட்டு விட்டேன். கொதித்தது. நீலமாகவே நின்றது. மறுபடி கொதிக்கவைத்தேன். நீலம்தான்.

எனக்கும் காரணம் தெரியவில்லை. ஆனால் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பின்வரிசையில் யாரோ, "அப்ப டீக்கடைக்காரன்தான்யா இயற்கை சாரு" என்றார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். பல்லாவரத்திலிருந்து வருபவர், பல வருடச் சர்க்கரை நோயாளி. "அப்ப காபிக்கு ரெண்டு ஸ்பூன் போட்டுக்கலாம், இல்லையா சார்?" என்று என்னைக் கேட்டார். என் மகள் இயற்கை சாரைப் பார்த்த அதே முகத்தோடு பார்த்தார்.

"போடாதீங்க" என்றேன். "சீனி சாப்பிட்டா ஏறும். வீட்ல கண்ணால பார்த்திருக்கேன். இந்தக் குழாய்க்கு ஏன் தெரியலைன்னு எனக்குப் புரியல."

இயற்கை சார் அதைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தீங்களா, அவரே சொல்லிட்டார். சோதனையே பொய்." மறுபடி கைதட்டல், இம்முறை அவருக்கு. நான் விளக்கை அணைத்தேன். குழாய் சூடாக இருந்ததால் பையில் வைக்க முடியவில்லை. அது ஆறும்வரை அந்த மேடையிலேயே நிற்க வேண்டியிருந்தது.

தாம்பரத்து டாக்டர்தான் விளக்கினார். "சீனியில ரெண்டு சர்க்கரை கை கோத்துக்கிட்டு நிக்குது சார். பிரிச்சாதான் இந்த மருந்துக்குக் கண்ணு தெரியும். குடல் சட்டுன்னு பிரிச்சிடும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு நல்லாக் கொதிக்கவெச்சுட்டு அப்புறம் சோதனை பண்ணிப் பாருங்க." வீட்டில் செய்து பார்த்தேன். சிவந்தது.

மறு ஞாயிறு எலுமிச்சம்பழத்தோடு போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எதிர் டீக்கடை பெஞ்சில் விளக்கை வைத்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், என் கடைக்குப் போட்டியா அடுப்பு வெச்சிகினு கீற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஒருவருக்குக் கொடுத்தார். பிறகு காற்றில் விளக்கு அணையாமல் இருக்க ஒரு தகரத்தைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தார்.

பல்லாவரத்துப் பெரியவர் வந்தார். எலுமிச்சையோடு கொதித்த சீனித் தண்ணீர் செங்கல் நிறமானதை நின்று பார்த்தார். "நீங்க சொன்னீங்க சார், நாந்தான் கேக்கல. போன வாரம் பூரா ரெண்டு ஸ்பூன் போட்டுட்டேனே" என்றார். அந்தப் பாவத்தையும் இயற்கை சாரின் தலையிலேயே எழுதினேன். நியாயமா என்று யோசிக்க விரும்பவில்லை.

ஞாயிறுதோறும் போனேன். சரோஜா தடுக்கவில்லை, எலுமிச்சம்பழத்தை எடுத்து வைப்பது அவள்தான். வகுப்புக்கு வந்தவர்கள் டீ குடிக்க வந்து பார்த்தார்கள். கூட்டம் குறைந்தது. ஒருநாள் அவரே சாலையைக் கடந்து வந்தார். "என்னதான் வேணும் உங்களுக்கு?"

"மேடையில பொண்ணு குணமாயிட்டான்னு சொன்னீங்க இல்ல? அதே மேடையில அவ சாகக் கெடந்ததையும் சொல்லுங்க."

"அதான் பொழைச்சுட்டா இல்ல? அப்புறம் என்ன சார்?"

அவர் கடைசிவரை சொல்லவில்லை. வகுப்பை மேடவாக்கம் பக்கம் மாற்றினார். நான் பஸ் மாறி அங்கேயும் போனேன். அங்கிருந்தும் கிளம்பிவிட்டார், எங்கே என்று தெரியவில்லை. தெரிந்தால் போவேன். பை தயாராகத்தான் இருக்கிறது.

பெற்றோர்களே, ஒன்று சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்கு இனிப்பு கொடுங்கள், கொடுக்காமல் இருங்கள், டாக்டரைக் கேட்டு எந்தப் பழத்தை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். ஊசியை நிறுத்தச் சொல்கிறவன் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் அவனை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கவிதா இப்போது வேலைக்குப் போகிறாள். அவள் தூங்கி எழும்போது நான் எதையோ எடுக்கிற சாக்கில் அருகே போய் மூச்சை முகர்ந்து பார்ப்பேன். அவளுக்குத் தெரியும். சில நாள் குறும்புக்கு மூச்சை அடக்கிக்கொள்வாள். பஸ்ஸில் யாராவது கனிந்த கொய்யாக் கூடையோடு ஏறினால் நான் இறங்கிவிடுகிறேன். பேரீச்சம்பழம் எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று வைத்திருந்தேன்.

சென்ற மாதம் ஒரு காலை, தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக இருவரும் நின்றிருந்தோம். திடீரென்று அவளுக்கு வியர்த்தது. கை நடுங்கியது. நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். தாழ்சர்க்கரை (போட்ட இன்சுலினுக்கு உணவு போதாமல் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும் நிலை). உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். அவள் கைப்பையைத் திறந்தேன். ஒரு சின்ன டப்பா. உள்ளே பேரீச்சம்பழம். எனக்குத் தெரியாமல் எத்தனை காலமாக வைத்திருக்கிறாளோ.

என் கையால் எடுத்தேன். கொட்டையை நீக்கி, பிய்த்துப் பிய்த்து அவள் வாயில் வைத்தேன். மென்றாள். நடைமேடை பெஞ்சில் அவளைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வண்டி வந்து போனது. அடுத்தது வந்து போனது. எல்லாரும் ஏறினார்கள், இறங்கினார்கள். எங்களுக்கு மட்டும் காலம் அவள் தாடை அசைவதில் இருந்தது.

மெல்ல அவள் நெற்றி உலர்ந்தது. "எத்தனை வண்டிப்பா போச்சு?" என்று கேட்டாள். எண்ணவில்லை என்றேன்.

பழக்கத்தில் குனிந்து அவள் வாயருகே முகர்ந்தேன். பழ வாசனை அடித்தது. இந்தத் தடவை அது பழம்தான்.