சிவப்பு அம்பு

ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். மணிக்கு எண்பது சட்டை பார்ப்பாள். விட்டுப்போன தையலோ எண்ணெய்ப் புள்ளியோ கண்ணில் பட்டால், அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவாள். அம்பு விழுந்த சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும்.

ஐம்பத்திரண்டாம் வயதில், அதே மேசையில், தலைக்குள் இடி இறங்கியதுபோல ஒரு வலி. மூளை ரத்தக்குழாயில் மொட்டுப்போல் உப்பியிருந்த இடம் வெடித்துவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சை முடிந்து கண் தெளிந்ததும் அவள் வார்டை எண்ணினாள். இதே நோயோடு பதினோரு பேர். அவளையும் சேர்த்து எட்டுப் பேர் பெண்கள். பழுது ஒரே பக்கம் குவிந்தால் காரணம் தேடு என்பது அவள் தொழில் பாடம். டாக்டரம்மாவிடம் கேட்டாள். நடுவயதுக்கு மேல் பெண்களுக்குத்தான் இது அதிகம்; மாதவிலக்கு நின்றபின் குழாய்ச் சுவர் பலமிழக்கலாம் என்கிறார்கள்; முழுசாகத் தெரியாது என்றார் அவர். தெரியாது என்று சொன்னதால் அவர்மேல் மரியாதை கூடியது.

நாலு மாதம் கழித்து மறுபரிசோதனை. அவளுக்கு முன்னால் போனவர் வார்டில் எதிர்க்கட்டிலில் இருந்த லாரிக்காரர். படிவத்தில் ஒரு கேள்வி: பழைய வேலைக்குத் திரும்பினாரா? இன்னும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்றார். மூன்று மாதம் கவனப் பயிற்சி எழுதிக் கொடுத்தார்கள். லாரிக்காரர் அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் முறை வந்ததும் கணவர் முந்திக்கொண்டார்.

"சமையலெல்லாம் பழையபடிதான் டாக்டர். ஒரு குறையும் இல்ல."

டாக்டரம்மா அதே கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தார். அப்படியென்றால் திங்கட்கிழமை மேசைக்குப் போக வேண்டும். அவள் கணவரின் சட்டையைப் பார்த்தாள். நேற்று அவளே பார்த்துச் சரியென்று விட்ட சட்டை. மூன்றாவது பொத்தானைக் காணோம். இந்தக் கண்ணோடு போனால் ஒரே வாரத்தில் மேசை பறிபோகும்.

பையிலிருந்த சிவப்பு அம்புச் சுருளை எடுத்து, படிவத்தில் 'ஆம்' பக்கத்தில் ஓர் அம்பை ஒட்டினாள்.

"அங்கதான் டாக்டர் பழுது. என் வேலை சட்டை பாக்கறது. லாரிக்காரர்கிட்ட சமைக்கறீங்களான்னு கேட்டீங்களா?"

"அந்தப் பாவத்த நான் செஞ்சதே இல்லைங்க" என்றார் லாரிக்காரர்.

டாக்டரம்மா கணவர் பக்கம் திரும்பி, சாப்பாடு நிஜமாகவே பழையபடிதானா என்றார். அவர் தரையைப் பார்த்தார்.

"உப்பு மட்டும் சில நாள் ரெண்டு தடவ விழும். சொன்னா இவ மனசு கஷ்டப்படுவான்னு..."

"அதான் நாலு மாசமா குடம் குடமா தண்ணி குடிச்சீங்களா?" என்றாள் அவள். அவர் சட்டையில் பொத்தான் இல்லாத இடத்திலும் அவள் ஓர் அம்பை ஒட்டினாள்.

டாக்டரம்மா 'ஆம்' என்பதை அடித்துவிட்டு எழுதினார்: சட்டை பார்க்க முடிகிறதா? இன்னும் இல்லை. பயிற்சி, மூன்று மாதம். பிறகு அலமாரியிலிருந்து மற்ற ஏழு பெண்களின் படிவங்களை எடுத்து முன்னால் வைத்தார். கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார்; எல்லாவற்றிலும் அதே 'ஆம்'. அவளிடம் கை நீட்டினார்.

"அந்தச் சுருளக் கொஞ்சம் குடுங்க."