இடிக்குக் கழற்றிய பிளக்

அந்தச் சனிக்கிழமையை இப்போதும் மறக்கமுடியவில்லை.

அலுவலகத்துக் கணினி நிரல்கள் எல்லாவற்றையும் 'கண்டெய்னர்' என்ற புது முறைக்கு மாற்றப் போகிறார்கள் என்றார்கள். ஐம்பத்தொரு வயதில், பழகாவிட்டால் வீட்டுக்குத்தான். வெள்ளவத்தை பிளட்டின் கூடத்தில் மூன்று பழைய லப்டொப்களை வயரால் பிணைத்தேன். ஒன்று கங்காணி, இரண்டு வேலையாட்கள். ஒரு வேலையாள் விழுந்தால் அவன் வேலையைக் கங்காணி மற்றவனிடம் கொடுத்துவிடும். உப்புக் காற்றிலும் கரையோர ரயிலின் அதிர்விலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. சாகாத எந்திரம் என்று நம்பினேன்.

பழக ஏதாவது ஓடவேண்டுமே? கவிதை எழுதச் சிறு இணையப் பக்கம் ஒன்று செய்து அதில் ஓடவிட்டேன். பிறகு தாளைத் தொடவில்லை. என் தொகுப்புக்காகத் திங்களன்று கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய இருபத்துமூன்று கவிதைகளும் அங்கேயே பிறந்தன. வேறு பிரதி இல்லை. சாகாததற்குப் பிரதி எதற்கு?

சனி பின்னேரம் கடலுக்கு மேல் இடி. கடைக்குப் போய்த் திரும்பினால், கவிதைப் பக்கம் ஓடிய ஜன்னலோரத்து லப்டொப் இருண்டு கிடந்தது. அதன் பற்றரி செத்து வருடக்கணக்கு.

"ஏனப்பா பிளக்கைக் கழட்டினீர்?" என்றேன் மனைவியிடம்.

"இடி முழங்கேக்க ஜன்னலோட வயரை விடுவினமே? டீவியையும்தான் கழட்டினனான். உங்கட பெட்டிக்கு மட்டும் என்ன விசேஷ வரமோ?"

எனக்குக் கோபமே வரவில்லை. இதுதானே பரீட்சை! "நில்லும், இப்ப பாரும் விளையாட்டை."

ஐந்தாறு நிமிடம். கங்காணி அந்தப் பக்கத்தை மற்ற லப்டொப்பில் எழுப்பியது. அதே தலைப்பு, அதே நீலம். எல்லாம் நலம் என்று பச்சை எழுத்து. கீழே ஒரு வரிகூட இல்லை.

"வெறுமையாக் கிடக்குதேயப்பா," என்றாள்.

கவிதைகள் இருண்ட பெட்டிக்குள்தானே இருக்கும்? பதறிப் பிளக்கைச் செருகினேன். அந்தச் செருகல்தான் கொலை. விழித்த வேலையாளிடம் கங்காணி, உன் வேலை வேறிடம் போய்விட்டது, பழையதைத் துடை என்றிருக்கிறது. துடைத்துவிட்டது. வேலை இடம் மாறினால் அழிந்துபோகும் தற்காலிக இடத்தில்தான் கவிதைகளை வைத்திருக்கிறேன் என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன். செருகாமல் விட்டிருந்தால் அந்த லப்டொப்பின் வட்டைக் கழற்றி அதிலிருந்து மீட்டிருக்கலாம் என்பதையும்.

நினைவிலிருந்து எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். நான்குதான் வந்தன, அவையும் நொண்டி. மாதக்கணக்காய் நானே செதுக்கிய வரிகள், எனக்கே தெரியவில்லை. எந்திரத்தைவிட அதுதான் என்னை உலுக்கியது.

திங்கள் காலை அச்சகக்காரர் அழைத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஐயா... அட்டை ஐந்நூறும் அடிச்சாச்சே," என்றார். "உள்ளுக்கு என்னத்தைப் போடுறது?"

"தெரியேல்லை," என்றேன். அன்று என்னிடமிருந்த முழு உண்மை அது ஒன்றுதான்.