தடுப்பைத் தாண்டிய மாப்பிள்ளை

"வித்துட்டாரா? எதை வித்தாரு? நீ பக்கத்துல நின்னு பாத்தியா, கிளாவ்தியா?"

ரொட்டிக்கடை வரிசையில் எல்லாருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன். மூன்றாம் மாடிக் கிளாவ்தியா ஒரு வாரமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பயிற்சியாளரான என் மாப்பிள்ளை ரிகோர் ஆட்டத்தை எதிரணிக்கு விற்றுவிட்டார் என்று.

"நானா சொல்றேன்? ஊரே சொல்லுது. ஒண்ணு காசு வாங்கியிருக்கணும், இல்ல குடிச்சிருக்கணும். புத்தி தெளிஞ்சவன் எவனாவது கோட்டும் டையுமா பனியில குதிப்பானா?"

"அவர் கெஃபிர் மோரைத் தவிர எதையும் குடிக்கிறதில்ல."

"அப்ப காசுதான்."

"உன் நாக்குல கொப்புளம் வர! அந்த மனுஷன் கடைக்காரி தப்பாக் குடுத்த முட்டையையே திரும்பக் கொண்டுபோய்க் குடுக்கிறவரு."

"சரி, காசும் இல்ல, குடியும் இல்ல. அப்ப என்னதான் ஆச்சு? நீயே சொல்லேன்!"

என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. என்ன கூத்தென்றால், மாப்பிள்ளைக்கே தெரியாது. ரொட்டியைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ரிகோர் ஷப்லோவ்ஸ்கி வெளியாள் இல்லை. டிராக்டர் உதிரிபாகத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்தவர். குளிர் இறுகியதும் அவருடைய அப்பா குழாயை இழுத்து வந்து முற்றத்தில் தண்ணீரைப் பாய்ச்சுவார். விடிந்தால் அது பனித்தளம். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பையன் சறுக்குக் காலணியோடு அலைந்தான். பதினேழில் தலைநகர் மின்ஸ்கின் அணி கூப்பிட்டது. அப்புறம் ரஷ்யாவில், உரால் மலைப்பக்கம் பல வருஷம். முன்பற்களை அங்கேதான் விட்டுவிட்டு வந்தார். என் மகள் தைசாவைப் பெண் கேட்டு வந்தபோது வாயைத் திறக்கவே இல்லை. "இந்த உம்மணாமூஞ்சியவா கட்டிக்கப் போற?" என்று அவளைத் திட்டினேன். கல்யாணத்தன்று மறந்துபோய்ச் சிரித்துவிட்டார். அப்புறம்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

இடதுபுறக் காவல் அவருடைய இடம். ஐஸ் ஹாக்கியில் ஒருவரே விடாமல் ஆடிக்கொண்டிருக்க முடியாது. ஒரு நிமிஷம் ஓடினாலே மூச்சு முட்டும். களைத்தவர் தடுப்பை நோக்கி வந்து "மாத்து!" என்று கத்துவார். பெஞ்சில் இருப்பவர் இடுப்புயரத் தடுப்பைத் தாண்டிக் குதித்து அவர் இடத்துக்கு ஓடுவார். ஆட்டம் யாருக்காகவும் நிற்காது. இருபது வருஷம் இதுதான் அவர் பிழைப்பு.

முட்டி இரண்டும் தேய்ந்ததும் ஆட்டத்தை விட்டார். மின்ஸ்கில் பயிற்சியாளர் படிப்பு முடித்துவிட்டு ஊருக்கே வந்து கிளப்பில் உதவியாளராகச் சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளர் பாதிப் பருவத்தில் கசாக்ஸ்தானுக்குப் போய்விட, அணி இவர் கைக்கு வந்தது. கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான். அதில் அவர் இரவல் சட்டை போட்ட மாதிரி இருந்தார்.

ஆனாலும் உழைத்தார். சமையல் மேஜையில் பீட்ரூட் துண்டுகளைப் பரப்பி, இவன் இங்கே, அவன் அங்கே என்று நகர்த்திக்கொண்டிருப்பார். யோசனையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

"என்னங்க, கோல்கீப்பரத் தின்னுட்டீங்க," என்பாள் தைசா.

கடைசி ஆட்டம் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஊரோடு. வென்றால் அரையிறுதி. இரண்டுக்கு இரண்டு. நான் பெஞ்சுக்குப் பின்னால் நாலாவது வரிசையில் இருந்தேன். அவருடைய முதுகுதான் தெரிந்தது. இடதுபுறக் காவல்காரன் பாவெல் அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு வந்தான். "மாத்து!" என்று கத்தினான். குதிக்க வேண்டிய பையன் குதித்தான். அவனோடு சேர்ந்து என் மாப்பிள்ளையும் குதித்தார்.

கோட்டு, டை, தோல் ஷூ. விழவில்லை. குனிந்து, மட்டை பிடித்திருப்பதுபோலக் கைகளை வைத்துக்கொண்டு, தன் பழைய இடத்தைப் பார்த்து நாலு எட்டு ஓடினார். விசில் ஊதினார்கள். அரங்கமே சிரித்தது. அவரை வெளியே அனுப்பினார்கள். அதற்குத் தண்டனையாக நம்மவர்கள் கொஞ்ச நேரம் ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில்தான் கோல் விழுந்தது. தோற்றோம்.

மறுநாள் கிளப் தலைவர் மிகலேவிச் வீட்டுக்கே வந்தார். நான் உருளைக்கிழங்கு அடை சுட்டுப் போட்டேன். தட்டு காலியான பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"ரிகோர், வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுது. ஏன் குதிச்சன்னு கேப்பாங்க. ரத்த அழுத்தம் ஏறிடுச்சு, தலை சுத்திச்சுன்னு சொல்லு. டாக்டர் நம்மாளு. ரெண்டு வாரம் ஓய்வு எடுத்துட்டு வா. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

"தலை சுத்தலையே, தலைவரே. அந்த நேரத்துலதான் தலை ரொம்பத் தெளிவா இருந்துச்சு."

"அப்ப ஏன்யா குதிச்ச?"

"தெரியல. பாவெல் கத்தினான். அடுத்தது என் கால் பனியில இருந்துச்சு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு தேடிப் பாக்கிறேன், ஒண்ணும் கிடைக்கல."

"காரணம் இல்லாம குதிச்சேன்னு சொன்னா, ஊர் சொல்ற காரணம்தான் நிக்கும். அப்புறம் என்னால காப்பாத்த முடியாது."

நான் சும்மா இருப்பேனா?

"சொல்லிடுங்க, மாப்பிள்ளை. தலைசுத்தல் உலகத்துல இல்லாததா? எனக்கு தினம் வருது."

"உங்களோடத எனக்குக் குடுத்துட்டா நீங்க என்ன பண்ணுவீங்க, அத்தை?"

"கிண்டலா? வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"சொல்றேன், அத்தை. சொல்லிடறேன்."

வியாழக்கிழமை முழுக்கக் குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தார். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. "எனக்குத் திடீர்னு தலை..." அங்கேயே நின்றுவிடும். மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் வெளியே வந்து என்னிடம் கேட்டார்:

"அத்தை, தலை சுத்தினவன் விழாம நாலு எட்டு ஓட முடியுமா?"

"கேள்வி கேக்காதீங்க. சொல்லிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை மதியம் மிகலேவிச் தொலைபேசியில் கத்தினார். "ஒரே ஒரு வரி எழுதிக் குடுக்காத குறையாச் சொல்லிக் குடுத்தேன்! உங்க மாப்பிள்ளை எழுந்து நின்னு 'தெரியல'ன்னாரு. இன்னொரு தடவ கேட்டா, 'இன்னும் தெரியல'ன்னாரு. முடிஞ்சது, அம்மா. இனி அரங்கத்துப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லுங்க."

அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில் சூப்பில் உப்பைக் கொட்டிவிட்டேன். அவர் அதை மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இருபது வருஷம் ஆடியிருக்கேன், அத்தை. ஒருநாளும் அவ்வளவு சுத்தமாத் தாவினதில்ல. அதைப் போய் நோய்னு சொல்ல வாய் வரல."

எனக்குப் பாதி புரிந்தது. மீதியை இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன். ஆனால் அது காசு வாங்கிய ஆளின் பேச்சு இல்லை. அதை மட்டும் கிளாவ்தியா என்ன, ஊரே வந்து நின்றாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அடுத்த சில நாள் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். பிறகு யாருடனோ தொலைபேசியில் பேசினார். போலந்து எல்லைப் பக்கம் ஒரு சின்ன ஊர், இரண்டாம் நிலை அணி. பழைய சிநேகிதர் ஒருவர் அங்கே இருக்கிறாராம். பால்கனியிலிருந்து ஆட்டப் பையையும் மட்டையையும் எடுத்து வந்தார். வீடு முழுக்கப் பழைய வியர்வை நாற்றம்.

தைசா வாசலை மறித்து நின்றாள். "நாப்பத்தோரு வயசுல ஆடப் போறீங்களா? அந்த முட்டிய வெச்சுக்கிட்டா?"

"அந்த முட்டிதான தாவுச்சு."

"சொல்லிக் குடுக்கக் கூப்பிட்டாங்களா, ஆடக் கூப்பிட்டாங்களா? அதையாவது சொல்லிட்டுப் போங்க!"

"ரெண்டுல எதுக்கு வர்றேன்னு அவங்களும் கேட்டாங்க, தைசா. வந்து சொல்றேன்னிருக்கேன்."

அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நகர்ந்து நின்றாள். நான் ஒரு துணியில் ரொட்டியும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் கட்டிப் பையின் வாயில் திணித்தேன். திட்ட வேண்டும் என்றுதான் பக்கத்தில் போனேன். "காதை மூடிக்கோங்க, மாப்பிள்ளை, காத்து அடிக்குது," என்றுதான் வந்தது.

கதவைத் திறந்து வெளியே போனார். லிஃப்டுக்குள் பை போயிற்று, மட்டை போகவில்லை. நேராக வைத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் மட்டையும் மறு கையில் கைப்பிடிக் கம்பியுமாகப் படியில் இறங்கினார்.