சேவல் ஏலமும் நண்பரின் கால்விரலும்

2023 அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபது. கொடைக்கானலில் மழை நின்று மூடுபனி இறங்கியிருந்தது. கோயில் மைதானத்துப் பந்தலில், முன்வரிசையில், ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மேடை நன்றாகத் தெரிந்தது. பின்னால் திரும்பினால் ஆறாவது வரிசைக்கு அப்பால் வெறும் வெள்ளை. அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ண முடியவில்லை. எண்ண முடியாத இடம் எனக்கு எப்போதுமே பிடிக்காது. முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான்.

அன்று எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்புப் பண்டிகை. அவரவர் தோட்டத்திலும் வீட்டிலும் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்போம். ஆராதனை முடிந்ததும் அத்தனையும் ஏலம் போகும்: பூண்டுக் கட்டு, கேரட், சௌசௌ, ஊறுகாய் பாட்டில், வீட்டில் சுட்ட கேக், உயிரோடு கோழி. ஏலம் கேட்பவரின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பெருமைக்காக யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று எப்போதோ யாரோ செய்த ஏற்பாடு. கையைத் தூக்கினால் போதும். ஏலம் விடுபவர் “முன்னாடி முந்நூறு, பின்னாடி நானூறு” என்று மட்டும் சொல்வார்.

ஏலம் விடுபவர் என் நண்பர். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை. அவர் பொய் சொல்கிறார் என்பது எனக்கு இரண்டு பண்டிகைகளாகத் தெரியும். முதல் தடவை ஒரு பூசணிக்காய்க்கு, “பின்னாடி ஐநூறு!” என்றார். திரும்பிப் பார்த்தேன். பின்னாடி இருந்தவர்கள் நான்கு பேர். இரண்டு பேர் தூக்கம். ஒரு பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான்காவது ஆள் இரண்டு கையாலும் பந்தல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கைகூட உயரவில்லை. இல்லாத ஆளை வைத்து விலையை ஏற்றுகிறார். அடுத்த வருடமும் அப்படியே. நான் யாரிடமும் சொல்லவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் எல்லார் முன்னிலையிலும் அவரைப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பிடித்தால் அவர் இனி அந்த மேடையில் ஏற முடியாது. மனைவி போய், மண்டியையும் விட்ட பிறகு, வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் முகத்தில் களை வரும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். அன்று காலை ஆயர் செய்த பிரசங்கம்கூட, தப்பு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும் என்பதைப் பற்றித்தான். நல்ல பிரசங்கம், இருபத்தேழு நிமிடம். யாருக்கோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சேவல் மேடைக்கு வந்தது. எங்கள் வீட்டுச் சேவல். விடியற்காலை மூன்று மணிக்கே கூவி என் தூக்கத்தைக் கெடுத்த அந்தச் சேவலை, காணிக்கை என்ற பெயரில் நான்தான் கழித்துக் கட்டியிருந்தேன். மனைவி அதைக் குஞ்சிலிருந்து வளர்த்தவள். கொடுக்கும்போது, “சரிங்க” என்று ஒரே சொல்தான் சொன்னாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சேவலைக் கேட்டுக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் எழுநூறோடு நிறுத்திக்கொண்டார். நண்பர் பனிக்குள் எட்டிப் பார்த்து, “பின்னாடி எண்ணூறு!” என்று முழங்கினார்.

எனக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. எண்ணூறு ரூபாய்க்குச் சேவல் கேட்கும் ஆள் அந்தப் பனிக்குள் யார்? நொடியில் ஒரு திட்டம் உதித்தது. நான் கேட்பேன். அவர் தன் மாய ஆளை மேலே ஏற்றுவார். சரியான இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். சேவலை வாங்க ஆள் வராது. கையும் களவுமாக மாட்டுவார்.

கையைத் தூக்கினேன்.

“முன்னாடி தொள்ளாயிரம்!”

சேவல் கூவியது.

“பின்னாடி ஆயிரம்!”

தூக்கினேன்.

“முன்னாடி ஆயிரத்து நூறு! பின்னாடி ஆயிரத்து இருநூறு!” நண்பரின் குரல் ஏனோ நடுங்கியது. பயம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இன்னொரு தடவை தூக்கினேன்.

“முன்னாடி ஆயிரத்து முந்நூறு! பின்னாடி... பின்னாடி ஆயிரத்து நானூறு!”

கையை மடியில் வைத்து அதன் மேல் இன்னொரு கையையும் வைத்துக்கொண்டேன்.

“ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!”

எழுந்து நின்றேன். “வாங்குனவங்களைக் கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லுங்க. நாங்களும் பாக்குறோம்!”

எல்லாரும் பின்னால் திரும்பினார்கள். பனிக்குள் ஒரு பச்சைக் குடை அசைந்தது. குடை நடந்து வந்தது. ஆறாவது வரிசையைத் தாண்டியதும் குடைக்குக் கீழே என் மனைவி இருந்தாள். நான் பார்த்துவிடக் கூடாதென்று கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து, குடையைத் தூக்கித் தூக்கி ஏலம் கேட்டிருக்கிறாள்.

“முன்னாடி கேட்டது நீங்கதானா?” என்றாள். “நல்லாயிருக்கு உங்க சோலி. வெரசா பர்ஸை எடுங்க, சேவல் குளுருல நடுங்குது.”

யாரோ கத்தினார்கள்: “வாத்தியாரே, வீட்டுக்குள்ளயே பேசித் தீத்துருக்கலாம்ல!”

பந்தலே ஆடியது. ஆயர் சிரித்துச் சிரித்துக் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் எங்கிருந்தோ சிரிப்பு பொங்கி வந்தது. எழுபத்து நான்கு வயதில் விக்கல் எடுக்கும்வரை சிரித்தேன்.

மத்தியானம், சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாட்டின்போது, நண்பரைத் தனியாகச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

“ஆயிரத்து இருநூறுலயே மதினின்னு தெரிஞ்சுபோச்சு வாத்தியாரே,” என்றார் சிரிப்பில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நிறுத்த நாக்கு வரல.”

“இன்னைக்குப் பின்னாடி ஆள் இருந்துச்சு,” என்றேன். “போன வருசமும் அதுக்கு முந்துன வருசமும் இல்ல.”

சோற்றில் கை நின்றது. “பாத்துட்டியா?”

“எண்ணிட்டேன்.”

“மண்டியில பழகுன நாக்குப்பா. கோயில் காசுதானேன்னு நெனச்சேன். பேக்கரிக்காரருக்கு அம்பது நூறு ஒரு காசா?”

“போன வருசம் பூண்டுக் கட்டு எடுத்தது பேக்கரிக்காரர் இல்ல. பேத்துப்பாறையில இருந்து வர்ற அம்மா, கூலி வேலைக்குப் போறவங்க. இருநூறுக்குக் கேட்டாங்க. நீ பின்னாடி இருநூத்தம்பதுன்ன. அவங்க முந்நூறு குடுத்தாங்க.”

தட்டைக் கீழே வைத்துவிட்டார். பிறகு கேட்டார்: “ரெண்டு வருசமா தெரியும்ங்கிற. மொதத் தடவையே எங் காதுல சொல்லியிருந்தா அந்தம்மா காசு போயிருக்காதுல்ல? நீ எண்ணிக்கிட்டே இருந்திருக்க.”

தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தேன்.

“முன்னாடி வரச் சொன்னியே, அது என்னைய மாட்டிவிடத்தானே?”

“ஆமாப்பா.”

“மதினி வராம இருந்திருந்தா?”

அதை நான் நினைத்துப் பார்த்தேன். நானும் தட்டைக் கீழே வைத்தேன். “மன்னிச்சுக்க,” என்றேன். அவர் தலையாட்டினார். “இனி நான் மேடையேறல. வேற ஆளப் பாக்கச் சொல்லிரு,” என்றார்.

“ஏறணும். இன்னும் பாதிச் சாமான் கெடக்கு. நான் பக்கத்துலயே நிக்கிறேன். நாக்கு மண்டிக்குப் போச்சுன்னா காலை மிதிப்பேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஷூவைக் கழட்டிட்டு வருவியா?”

“குளுருது. கழட்ட மாட்டேன்.”

இரண்டு மணிக்கு இருவரும் மேடையேறினோம். மூன்றாவது சாமான் ஊறுகாய். “பின்னாடி இருநூ...” மிதித்தேன். “இல்லங்க, பின்னாடி யாருமில்ல! முன்னாடி நூத்தம்பதுதான்!” என்று அவரே உரக்கச் சொல்லிவிட்டார். காரணம் தெரியாமலே கூட்டம் கைதட்டியது. அவர் முகத்தில் காலையில் இருந்ததைவிட அதிகக் களை. அதற்குப் பிறகு அவர் நாக்கு தவறவே இல்லை. தவறியது என் கால்தான். கேக்குக்கு, “பின்னாடி அறுநூறு” என்றார். பதறி ஓங்கி மிதித்தேன். “ஏலே, நெசமாவே ஆள் இருக்குடா!” என்று ஒற்றைக் காலில் குதித்தார். பனிக்குள்ளிருந்து ஒரு கை பயந்துபோய் ஆடியது.

அவர் பெருவிரல் நகம் கருத்துவிட்டது. பேத்துப்பாறை அம்மாவிடம் இருவரும் சேர்ந்து போனோம். நடந்ததை நண்பரே சொல்லி, நூறு ரூபாயைக் கொடுத்தார். அதில் பாதி என்னுடையது. நண்பரால் நடக்க முடியாததால் வீட்டுக்கு டாக்ஸி. முன்சீட்டில் என் மனைவி, அவள் மடியில் சேவல், பின்சீட்டில் நாங்கள் இரண்டு பேர். வழியெல்லாம் யாராவது ஒருவர் “பின்னாடி ஆயிரத்து நானூறு” என்று ஆரம்பிப்போம், டாக்ஸி குலுங்கும்.

சேவல் இப்போதும் மூன்று மணிக்குக் கூவுகிறது. சேவலுக்கு ஆயிரத்து நானூறு, டாக்ஸிக்கு இருநூறு, விரலுக்குக் களிம்பு எண்பத்தைந்து, என் பங்கு ஐம்பது. ஆக மொத்தம் ஆயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து ரூபாய்.