ஷோகேஸில் உட்கார்ந்திருந்த வைஃபை 6

ஒரே வாரத்தில் ஒரே வீட்டிலிருந்து மூன்று புகார் வந்தால் எனக்குக் கோபம் வரும். இப்போதும் வரும். தென்காசியில் பல வருஷமாக பிராட்பேண்ட் லைன் பார்க்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிரித்தால் பரவாயில்லை, நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

வீடு குத்துக்கல்வலசையில். சுபைதா அக்காவும் மகள் ரிஸ்வானாவும் இருந்தார்கள். வீட்டுக்காரர் துபாயில். ரிஸ்வானா ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். வீடியோ மீட்டிங்கில் பாதியில் அறுந்து போகிறாள் என்று மேனேஜர் இரண்டு முறை சொல்லிவிட்டார். மூன்றாவது புகார் வந்த அன்று, மூன்று மணி மீட்டிங்கும் அறுந்தால் சென்னை ஆபீசுக்கே வந்துவிட வேண்டும். மகளைச் சென்னைக்கு அனுப்ப அக்காவுக்கு மனசில்லை. ஆக, வேலை போகும்.

முதல் இரண்டு முறை நான் வீட்டுக்குள்ளேயே போகவில்லை. தெருப் பெட்டியில் அளந்து பார்த்து, லைன் சரி என்று புகாரை மூடிவிட்டேன். மூன்றாவது முறை உள்ளே போனபோது மணி ஒன்றரை.

"ரவுட்டர எங்க வச்சிருக்கீங்க?"

"அந்தா, ஷோகேஸ்ல. அவுக துபாய்ல இருந்து குடுத்துவிட்டாக. வைஃபை ஆறாம்."

முன்னால் கண்ணாடிக் கதவு. பின்னால் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. சென்ட் பாட்டிலுக்கும் பீங்கான் டீ செட்டுக்கும் நடுவில், பூ வேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு ரவுட்டர் உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இது என்ன காட்சிப் பொருளா?"

"வாரவங்க பாக்கட்டும்னுதான் வச்சேன். நாலு ஆண்டெனா, லெச்சணமாத்தான இருக்கு."

ரசம் பூசிய கண்ணாடி சிக்னலை மறிக்கும் என்று சத்தம் போட்டேன். ரவுட்டரை வெளியே எடுத்து ஷோகேஸ் மேலே வைத்தேன். என் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். நூற்றுத் தொண்ணூறு எம்பிபிஎஸ் வந்தது. "லைன் சரியா இருக்கு. கோளாறு உங்க கம்பெனியிலதான்" என்று செருப்பை மாட்டினேன்.

"அண்ணாச்சி, மீட்டிங்கு உங்க போன்லயா நடக்கப் போவுது? இதக் கொஞ்சம் பாருங்க" என்றாள் ரிஸ்வானா.

அவள் லேப்டாப்பில் ஒன்பதுதான் காட்டியது. அது கம்பெனி கொடுத்த பழைய லேப்டாப், உள்ளே இருந்தது இரண்டு தலைமுறை பழைய வைஃபை 4. ரவுட்டர் ஆறாக இருந்தாலும் எதிர்முனை நாலாக இருந்தால், இரண்டும் நாலின் கணக்கில்தான் பேசும். அதோடு அந்த லேப்டாப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டு, அதாவது பழைய அலைவரிசை மட்டும்தான் எட்டும். தெருவில் இருந்த வீட்டு ரவுட்டர் எல்லாம் அதில்தான் முண்டிக்கொண்டிருந்தன. சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் மெயினருவிக்குப் போனவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். என் போன் புதிது. காலியாகக் கிடந்த 5 பேண்டில் அது மட்டும் சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தது.

இதை விளக்கினேன். அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அருவில எம்புட்டுத் தண்ணி விழுந்தாலும், கையில இருக்கது சின்னச் செம்புன்னா செம்புத் தண்ணிதான். இதச் சொல்லவா ஒரு வாரம்?"

"ரவுட்டர வாங்குனது உங்க வீட்டுக்காரர்தான அக்கா."

"அவுக துபாய்ல இருக்காக. நீங்க தெருவுலதான நின்னிய."

மணி இரண்டே முக்கால். பையிலிருந்து லேன் கேபிளை எடுத்து ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராக இழுத்தேன்.

"புது டைல்ஸ்ல வயரா?" என்றார் அக்கா.

"உம்மா, வயரு வேணுமா, நான் சென்னைக்குப் போவணுமா?"

அக்கா கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார். "இதுக்கு அடியில விடுங்க."

லேப்டாப்பில் நூற்று எண்பது வந்தது. மீட்டிங் முடியும்வரை நான் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு முறைகூட அறுந்து போகவில்லை. "வீட்ல இருந்தே பாக்கச் சொல்லிட்டாக" என்று ரிஸ்வானா அறையிலிருந்து வெளியே வந்தாள். அக்கா ஷோகேஸிலிருந்த டீ செட்டைக் கழுவி எனக்கு அதில் டீ கொடுத்தார்.

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் முதலில் என் போனில் டெஸ்ட் போடுவதில்லை. அவர்கள் எதில் வேலை பார்க்கிறார்களோ அதைக் கையில் வாங்கிப் பார்க்கிறேன். நீங்களும் அதையே செய்யுங்கள். இல்லாவிட்டால், நான் கிளம்பும்போது சுபைதா அக்கா சொன்னதை நீங்களும் கேட்க வேண்டிவரும்:

"ஷோகேஸ்ல இப்ப இடம் காலியாத்தான் கெடக்கு அண்ணாச்சி. ஒங்க போன வேணா வச்சிட்டுப் போங்க."