வளைவில் இறங்கினேன்

என் கணவருக்கும் தேயிலை ஃபேக்டரி ஹெட் கிளார்க்குக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஃபிட்டராக இருந்த இவர் கேட்ட எஸ்டேட் வீட்டை அவர் தன் மச்சினனுக்கு ஒதுக்கிவிட்டார். இரண்டு பேரிடமும் மோட்டார் சைக்கிள் இருந்தது. பீர்மேட்டு மலைச்சாலையில் ஒருவரை ஒருவர் முந்துவதுதான் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை.

எழுபதுகளின் நடுவில், டி.பி. நோயாளிகளுக்குக் கம்பளி வாங்க எங்கள் எஸ்டேட் டாக்டர் ஒரு மோட்டார் சைக்கிள் ஊர்வலம் ஏற்பாடு செய்தார். வழியிலுள்ள எஸ்டேட்டுகளில் நின்று வசூல் செய்துகொண்டே முண்டக்கயம் வரை இறங்க வேண்டும். பதினொரு வண்டிகள். டிஸ்பென்சரி நர்ஸான நான் மருந்துப் பையோடு கணவர் பின்னால் உட்கார்ந்தேன்.

கிளம்புமுன் டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் கண்டிப்பாகச் சொன்னார்: "செகண்ட் கியர்ல எறங்கணும். பிரேக்க மட்டும் நம்பண்டா. ரெண்டு வண்டிக்கு நடுவுல எடம் விடணும். ஆரும் முந்தண்டா." ஹெல்மெட் அவர் ஒருவரிடம்தான் இருந்தது.

எங்களுக்கு முன்னால் ஹெட் கிளார்க். இரண்டாவது எஸ்டேட் தாண்டியதும் அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இவர் விடாமல் ஹாரன் அடித்தார். அவர் வேண்டுமென்றே நடுரோட்டுக்கு வந்து மறித்தார்.

"தள்ளிப் போங்க," என்றேன்.

"வண்டிய நான் ஓட்டுதேனா, நீ ஓட்டுதியா? சும்மா இரிட்டி."

அடுத்த வளைவிலேயே முந்தினார். எதிரே ஸ்டேட் பஸ் மேலேறி வந்தது. கிளார்க் வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து வெளியே வந்தோம். ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த என் முதுகை பஸ்ஸின் தகடு உரசிக்கொண்டு போனது. ரவிக்கையில் சேறு அப்பிக்கொண்டது. டிரைவர் எங்கள் தாயையும் தகப்பனையும் சேர்த்துத் திட்டினார்.

இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை. கையிலிருந்த மருந்துப் பையால் அவர் முதுகில் ஓங்கி அடித்தேன்.

"நிப்பாட்டுங்க!"

அடுத்த அடி விழுந்ததும் ஓரங்கட்டினார். இறங்கிவிட்டேன். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் நின்றன.

"ஏறுட்டி. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். உங்க பின்னால இனி ஏற மாட்டேன்."

ஹெட் கிளார்க் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க என்னத்துக்குச் சிரிக்கீங்க? வழிய மறிச்சு ஓட்டினது நீங்கதான? ஒங்க ரெண்டு பேரு மண்டையும் ஒடஞ்சா தையல் போடுதவ நான்," என்றேன். சிரிப்பு நின்றது.

முன்னால் போன டாக்டர் திரும்பி வந்தார். விவரம் கேட்டுவிட்டு, ஹெட் கிளார்க்கைத் தன் வண்டிக்கு நேர் பின்னால் வரச் சொன்னார். என் கணவரை வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னார்.

"கடைசியில நான் வர மாட்டேன்," என்று இவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மருந்துப் பை என்னிடம் இருந்தது. மிச்ச வழிக்கு டாக்டர் வண்டியில் உட்கார்ந்து போனேன். ஊர் என்ன பேசும் என்று தெரிந்தே உட்கார்ந்தேன். விழாமல் அடிபடாமல் பத்து வண்டிகளும் முண்டக்கயம் சேர்ந்தன. மழைக்காலத்துக்கு முன்பே டி.பி. வார்டுக்குக் கம்பளிகள் வந்தன.

சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பினேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"ஊரு பாக்க என்னய அசிங்கப்படுத்திட்ட. இன்னொருத்தன் வண்டியில வேற ஏறியிருக்க."

"ஊரு பாக்க செத்திருப்போம். அது பரவால்லையா?"

ஒரு வாரம் நான் ஆக்கிய சோற்றைத் தொடாமல் கேன்டீனில் சாப்பிட்டார். வற்புறுத்திக் கூப்பிட எனக்கும் மனம் வரவில்லை.

டிஸ்பென்சரிக்கு இரண்டு மைல். அதுவரை அவர் வண்டியில் போய்க்கொண்டிருந்தவள், அதன் பிறகு நடந்தே போனேன். மழை நாட்களில் அவர் பக்கத்தில் வந்து வண்டியை மெதுவாக்குவார். நான் தேயிலைப் பக்கமாக ஒதுங்கி, போகட்டும் என்று வழி விடுவேன்.